இலைக்கு அடியில் காய்: கீழாநெல்லியும் அதன் பங்காளிகளும்

பெங்களூருவில் கோடை மழை இரண்டு முறை நன்றாகப் பெய்துவிட்டால் போதும், காலி மனைகளிலும் நடைபாதைக் கல் இடுக்குகளிலும் மாடித் தொட்டிகளிலும் கீழாநெல்லி என்று நாம் அழைக்கும் சிறு களை முளைத்துவிடுகிறது. கன்னடத்தில் அதற்கு நெலநெல்லி, அதாவது நிலத்து நெல்லி, என்று பெயர். தமிழ்ப் பெயர் இன்னும் நுட்பமானது. காய் இலைக்குக் கீழே இருக்கிறது என்ற தாவரவியல் குறிப்பையே அது பெயராக ஆக்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பு ஒரே ஒரு செடிக்கு மட்டும் பொருந்துவதில்லை என்பதுதான் இங்கே சிக்கல்.

சென்ற ஆவணியில் அல்சூர்ப் பக்கம் தெருவோரத்தில் கீரை விற்கும் ஓர் அம்மாவிடமிருந்து என் மாமியார் ஒரு கட்டுக் கீழாநெல்லி வாங்கி வந்தார். மண்ணை உதறிச் செய்தித்தாளில் பரப்பியபோது, அந்த ஒரே கட்டில் மூன்று வகைச் செடிகள் இருந்தன. விற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பறித்த இடத்தில் மூன்றும் தோளோடு தோள் உரசி வளர்ந்திருக்கும், மூன்றிலும் இலைக்கு அடியில் காய் இருந்தது. அன்று முதல் இந்தச் செடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வருகிறேன். எந்த அடையாளம் உண்மையில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கிறது, எது பிரிப்பதுபோல் தோற்றம் காட்டி ஏமாற்றுகிறது என்பதையே இங்கே எழுத விரும்புகிறேன்.

நாம் தேடும் செடியின் அறிவியல் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். ஒருபருவத் தாவரம், ஒரு சாண் முதல் முழங்கால் உயரம் வரை நிமிர்ந்து வளரும், மழைக்காலத்தில் முளைத்துச் சில வாரங்களிலேயே பூத்துக் காய்த்துவிடும். முன்பு ஆமணக்குக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இந்தப் பேரினம் இப்போது ஃபில்லாந்தேசி என்ற தனிக் குடும்பத்தில் இருக்கிறது. நாம் ஊறுகாய் போடும் பெருநெல்லி மரமும் இதே பேரினத்தைச் சேர்ந்ததே என்பதால், இந்தச் சின்னஞ்சிறு களைக்கு நெல்லி என்று பெயரிட்டவர்கள் காயின் சாயலை மட்டும் பார்த்து வைத்த பெயர் உறவுமுறையாகவும் சரியாக அமைந்துவிட்டது.

முதலில் இந்தக் குடும்பத்துக்கே சேராதவற்றை ஒதுக்கிவிடலாம். தண்டைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடிந்தால் அது அம்மான் பச்சரிசியோ சித்திரப்பாலாடையோ ஆகும். கீழாநெல்லியில் பால் கிடையாது. புளியங்கன்றும் தொட்டாற்சுருங்கியும் இலை அமைப்பில் மேலோட்டமாக இதை ஒத்திருக்கும். ஆனால் அவற்றின் இலை உண்மையான கூட்டிலை. சிற்றிலைகளின் அடியில் பூவோ காயோ ஒருபோதும் தோன்றாது. கீழாநெல்லியில் கூட்டிலைபோல் தெரிவது உண்மையில் ஒரு மெல்லிய கிளை. அதில் வரிசையாக நிற்பவை ஒவ்வொன்றும் தனி இலை. அதனால்தான் ஒவ்வோர் இலையும் கிளையோடு சேரும் இடுக்கில், அதாவது இலைக்கோணத்தில், பூ அரும்புகிறது. நடுத்தண்டை உற்றுப் பார்த்தால் அதில் பச்சை இலைகள் இருக்காது, சிறு செதில்கள் மட்டுமே இருக்கும். இலைகளெல்லாம் பக்கக் கிளைகளில்தான் இருக்கும்.

இந்தக் கடைசிக் குறிப்பு ஒன்றே மேலாநெல்லியைப் பிரித்துவிடும். ஃபில்லாந்தஸ் மெட்ராஸ்பேட்டென்சிஸ் என்பது அதன் பெயர். சென்னைப்பட்டினத்துக்குரியது என்று பொருள்படும்படி 1753-இல் லின்னேயஸ் இட்டது. அதில் நடுத்தண்டிலும் இலைகள் சுற்றிச் சுற்றி அமைந்திருக்கும், கூட்டிலை போன்ற தோற்றமே இராது, இலை அடியில் குறுகி நுனி நோக்கி அகன்று ஆப்பு வடிவில் இருக்கும். அதைக் கீழாநெல்லி என்று ஒருவர் பறித்தால், அவர் செடியைப் பார்க்காமல் பறித்திருக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும்.

அடுத்த போட்டியாளர் செங்கீழாநெல்லி, அதாவது ஃபில்லாந்தஸ் யூரினேரியா. என் மாமியாரின் கட்டில் இருந்த மூன்றில் இது ஒன்று. தண்டு சிவந்திருந்தால் செங்கீழாநெல்லி, பச்சையாக இருந்தால் கீழாநெல்லி என்றுதான் பலரும் பிரிக்கிறார்கள். நிறத்தை நம்புவது சரியான வழி அன்று. நல்ல வெயிலில், சத்துக் குறைந்த மண்ணில் நிற்கும் அமாரஸின் தண்டும் அடிப்பகுதியில் செம்மை ஏறிப்போகும். நிழலில் வளர்ந்த யூரினேரியா பெரும்பாலும் பச்சையாகவே நிற்கும். நிறத்தை விட்டுவிட்டுக் காயைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அமாரஸின் காய் மென்மையான தோலுடன், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள காம்பில் தொங்கும். யூரினேரியாவின் காய்க்குக் காம்பு அநேகமாக இல்லை. கிளையோடு ஒட்டிக்கொண்டு, மேலே சொரசொரப்பான சிறு முண்டுகளுடன் இருக்கும். லென்ஸ் இல்லாவிட்டாலும் நகத்தால் வருடினாலே இந்தச் சொரசொரப்புத் தெரிந்துவிடும்.

இன்னொரு வேறுபாடு காய் இருக்கும் இடம். யூரினேரியாவின் கிளையில் பெண் பூக்கள் அடிப்பகுதியிலும் ஆண் பூக்கள் நுனிப் பகுதியிலும் அமைகின்றன. ஆகவே காய்கள் தண்டை ஒட்டிய பாதியில் நெருங்கிக் கிடக்கும், நுனி வெறுமையாகத் தெரியும். அமாரஸில் இதற்கு மாறாகக் கிளையின் முதல் இரண்டு மூன்று இலைக்கோணங்களில் ஆண் பூக்கள் மட்டுமே இருப்பதால், காய் அதற்கு அப்பால்தான் தொடங்கும். இலையின் விளிம்பைப் பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸில் பார்த்தால் யூரினேரியாவில் குட்டையான மயிர்கள் தெரியும்; அமாரஸ் முழுவதும் வழவழப்பானது. இத்தனை சான்றுகள் ஒன்றுக்கொன்று துணை நிற்பதால், இந்த இணையைப் பிரிப்பதில் யாருக்கும் தயக்கம் வரவேண்டியதில்லை.

உண்மையான கடினம் அடுத்த இரண்டில் இருக்கிறது. ஃபில்லாந்தஸ் டெபிலிஸ், ஃபில்லாந்தஸ் ஃப்ராட்டெர்னஸ் ஆகிய இரண்டும் அமாரஸைப் போலவே வழவழப்பானவை, மென்மையான காய் கொண்டவை, செதில் நடுத்தண்டும் இலைவரிசைக் கிளையும் உடையவை. ஃப்ராட்டெர்னஸ் என்ற சொல்லுக்கே உடன்பிறப்புக்குரியது என்பதுதான் பொருள். இந்தியாவில் பழைய நூல்கள் பல நிரூரி என்ற பெயரின் கீழ் இவற்றையெல்லாம் ஒன்றாகவே எழுதி வந்தன. அமெரிக்கத் தாவரவியலாளர் வெப்ஸ்டர் 1955-இல் ஃப்ராட்டெர்னஸைத் தனி இனமாக விவரித்தார். உண்மையான ஃபில்லாந்தஸ் நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் ஊர்க் களைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஆனாலும் இன்றுவரை மருந்துப் புட்டிகளின் மேல்தாளில் நிரூரி என்றே அச்சிடப்படுவதைக் காண்கிறோம். அமாரஸ் என்ற பெயர் 1827-லேயே, ஆப்பிரிக்காவின் கினிக் கடற்கரையில் சேகரித்த செடியை வைத்து வெளியானது. கசப்பானது என்பது அதன் பொருள்.

இலையை வைத்து இவற்றைப் பிரிக்க முடியுமா என்றால், பாதி முடியும். டெபிலிஸின் இலை இரு முனையும் குறுகி ஈட்டியலகுபோல் நீண்டிருக்கும். அமாரஸின் இலை நுனி உருண்டு, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும் நீள்வட்டமாக இருக்கும். ஆனால் ஃப்ராட்டெர்னஸின் இலையும் அதே நீள்வட்டம்தான். மேலும் நிழல், ஈரம், மண் ஆகியவற்றுக்கு ஏற்ப இலை தன் அளவை மாற்றிக்கொள்ளும். எங்கள் மாடித் தொட்டியில் வளர்ந்த அமாரஸின் இலை, நடைபாதையில் வளர்ந்ததைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. ஆகவே இலையைப் பார்த்துச் சந்தேகப்படலாமே தவிர முடிவு கட்டக் கூடாது.

முடிவு கட்ட வேண்டிய இடம் இலைக்கோணம். அமாரஸில் மட்டும், கிளையின் நடுப்பகுதியிலிருந்து நுனி வரையுள்ள இலைக்கோணங்களில் ஓர் ஆண் பூவும் ஒரு பெண் பூவும் இணையாக நிற்கும். டெபிலிஸிலும் ஃப்ராட்டெர்னஸிலும் ஓர் இலைக்கோணத்தில் ஒரு பாலினம் மட்டுமே: அடிப்பகுதியில் ஆண் பூக்கள், நுனிப்பகுதியில் தனித்தனியாகப் பெண் பூக்கள். இரண்டாவது சான்று பூவிதழ்களின் எண்ணிக்கை. அமாரஸுக்கு ஐந்து, மற்ற இரண்டுக்கும் ஆறு. பூ ஊசித் தலையளவே இருப்பதால் இவற்றுக்கு லென்ஸ் கட்டாயம் வேண்டும். ஒரே பூவை எண்ணி நிறுத்திவிடாமல் பத்துப் பூக்களையாவது எண்ண வேண்டும், ஏனென்றால் அமாரஸிலும் அபூர்வமாக ஆறு இதழ் கொண்ட பூ வரும்.

இங்கே நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். முற்றிய கிளை ஒன்றை எடுத்துப் பார்த்தபோது எல்லா இலைக்கோணங்களிலும் காய் மட்டுமே இருந்தது; ஒற்றைப் பெண் பூதான் இருந்திருக்கிறது என்று கருதி, அதை டெபிலிஸ் என்று குறித்துவைத்தேன். ஆண் பூ மலர்ந்து முடிந்ததும் உதிர்ந்துவிடும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதே செடியின் இளங்கிளை நுனியில் இரண்டு பூக்களும் அருகருகே நின்றன. அப்போதிலிருந்து கிளை நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது இலைக்கோணங்களைத்தான் பார்க்கிறேன். பார்க்கும் நேரமும் முக்கியம். மாலை சாய்ந்தால் இந்தச் செடிகளின் இலைகள் மடங்கிக்கொள்ளும்; காலை வெளிச்சத்தில் இலையைத் திருப்பிப் பார்ப்பதே எளிது.

விதையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பூ இல்லாத காய்ந்த கட்டு கையில் கிடைத்தால் விதை ஒன்றே மிஞ்சியிருக்கும் சாட்சி. முற்றிய காய் மூன்று அறைகளாக வெடித்து ஆறு விதைகளைத் தெறிக்கும்; ஒவ்வொன்றும் ஆரஞ்சுச் சுளை வடிவில், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். வெள்ளைத் தாளில் உதிர்த்து லென்ஸில் பார்த்தால், அமாரஸின் விதை முதுகில் ஐந்து முதல் ஏழு வரிகள் நீளவாக்கில் ஓடும். யூரினேரியாவில் வரிகள் குறுக்குவாக்கில், கூர்மையாக, அடுக்கடுக்காக இருக்கும். மேலாநெல்லியில் வரிகளுக்குப் பதிலாக நுண்ணிய புள்ளிகள் வரிசை கட்டியிருக்கும். ஆனால் டெபிலிஸிலும் ஃப்ராட்டெர்னஸிலும் நீளவாக்கு வரிகளே உள்ளதால், பூ தீர்க்காத வழக்கை விதையும் தீர்க்காது.

கசப்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அமாரஸ் கசக்கும் என்பது மெய்தான், பெயரே அதைச் சொல்கிறது. எனினும் இன்னதென்று தெரியாத செடியை வாயில் வைத்து அடையாளம் காண்பதை நான் ஏற்கவில்லை, அதுவும் சாக்கடை ஓரத்தில் பறித்ததாக இருந்தால்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, எல்லாம் கீழாநெல்லிதானே என்று என் மாமியாரும் முதலில் கேட்டார். மஞ்சள் காமாலைக்கு மோரில் அரைத்துக் கொடுக்கும் வழக்கம் அவர் பிறந்த திருப்பத்தூரில் தலைமுறைகளாக உண்டு. சென்னையில் தியாகராஜனும் அவர் குழுவினரும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்கு இந்தச் செடியின் பொடியைக் கொடுத்து, 1988-இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டபோது, அவர்கள் குறிப்பிட்ட செடி அமாரஸ்தான். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்ததாகவும், வெற்றுப் பொடி எடுத்த 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்ததாகவும் அவர்கள் எழுதினர். பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்த விளைவு திரும்பக் கிடைக்கவில்லை. எந்த இனம், எந்த மண், எந்தப் பருவத்தில் பறித்தது என்ற கேள்விகள் அத்தகைய சோதனைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக நிற்கின்றன. செடியின் பெயரே தவறாக இருந்தால் அதற்கு மேல் எழுதும் எதற்கும் மதிப்பில்லை. காமாலைக்குக் காரணம் கிருமியாகவும் இருக்கலாம், பித்தக்கல்லாகவும் இருக்கலாம், உட்கொண்ட மாத்திரையாகவும் இருக்கலாம். ஆகவே கண் மஞ்சளானால் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்பதை என் மாமியாரும் இப்போது ஒப்புக்கொள்கிறார்.

அன்றைய கட்டின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பகுதி அமாரஸ். நான்கு செடிகள் யூரினேரியா. காயைத் தொட்டதும் தெரிந்துவிட்டன. ஈட்டியலகு இலை கொண்ட இரண்டு செடிகளில் ஆறு இதழ்களும் ஒற்றைப் பெண் பூக்களும் இருந்தன. அவற்றை டெபிலிஸ் என்று எழுதி, செய்தித்தாளுக்கு இடையில் அழுத்தி உலர்த்தி வைத்திருக்கிறேன். இந்திய அறிவியல் கழகத்தில் கர்நாடகச் செடிகளின் உலர்தாவரச் சேகரிப்பு இருக்கிறது. அங்குள்ள தாள்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வரை அந்தப் பெயரைப் பென்சிலால் மட்டுமே எழுதியிருக்கிறேன்.

இதற்கிடையில் நர்சரியிலிருந்து வந்த ரோஜாத் தொட்டியில் இன்னொன்று முளைத்திருக்கிறது. இலை சற்று அகலம், காய் மென்மை, ஆனால் காயின் காம்பு மயிரிழைபோல் ஐந்தாறு மில்லிமீட்டர் நீண்டு தொங்குகிறது. அமாரஸில் மூன்று மகரந்தத்தாள்கள் ஒன்றாக இணைந்திருக்கும். இதன் ஆண் பூவில் ஐந்தும் தனித்தனியாக நிற்கின்றன. மஸ்கரீன் தீவுகளிலிருந்து தொட்டிச் செடிகளோடு உலகெங்கும் பரவிய ஃபில்லாந்தஸ் டெனெல்லஸுக்கு உரிய அடையாளங்கள் இவை. மாமியார் அதைக் கீழாநெல்லித் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்க விடாமல், பால்கனியின் மறுகோடிக்கு நகர்த்திவிட்டார்.