ஈசாப் கதைகள்: கிரேனா, ராக்கமா?

ஏற்காட்டில் விடுமுறைக்குத் தங்கும்போது பிள்ளைக்கு வாசித்துக் காட்ட, படங்களோடு ஆங்கில ஈசாப் வேண்டுமா? 1887இல் வால்டர் கிரேன் வரைந்த பதிப்பும், 1912இல் ஆர்தர் ராக்கம் வரைந்த பதிப்பும் புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கிரேனிடம் ஒரு கதைக்கு ஒரு குட்டிப் பாட்டு, அவ்வளவுதான். திராட்சைக்குத் தாவும் நரி, எட்டாமல் போனதும் ‘எனக்கு அது பிடிக்காது’ என்று நழுவுவது வரை ஐந்தே வரி. வரிக் கடைசி ஒத்து ஒலிப்பதால் சில தடவை கேட்டாலே பிள்ளை தானாகச் சொல்லும். பாட்டும் படமும் நீதியும் ஒரே பக்கத்தில், அலங்காரக் கரைக்குள் அடங்கிவிடும். ஆனால் சில பாட்டுகளில் ரொம்பவே சுருக்கிவிட்டார்கள். கதை முன்பே தெரியாவிட்டால் தலையும் புரியாது, வாலும் புரியாது. நம் பாட்டிமார் கதை சொல்லியிருந்தால் கவலையில்லை.

ராக்கம் பதிப்பு முழு உரைநடை. வெர்னன் ஜோன்ஸ் மொழிபெயர்ப்பு, செஸ்டர்டன் முன்னுரை (அது பெரியவர்களுக்கு, பிள்ளை தாண்டிவிடலாம்). கதைகள் ஏராளம், பலவற்றுக்குப் படமே கிடையாது. இருக்கும் படங்களோ, அடேயப்பா! முறுக்கிக்கொண்ட மரங்கள், மனிதரைப்போல உடுத்திய விலங்குகள். கொண்டை ஊசி வளைவுகளில் குரங்குகளைப் பார்த்துக்கொண்டே மலையேறிய பிள்ளை இவற்றை விடாது.

அச்செடுக்கும் செலவையும் பாருங்கள். கிரேன் முழுக்க வண்ணம், கலர் பிரிண்ட் கையைக் கடிக்கும். ராக்கமில் பெரும்பாலும் கறுப்புக் கோட்டோவியம், சாதாரண ஜெராக்ஸே போதும். ஆங்கிலம் இப்போதுதான் எழுத்துக்கூட்டும் பிள்ளைக்குக் கிரேன். தானாக வாசிப்பவருக்கு, யோசிக்காமல் ராக்கம்.