112 ஜிஎஸ்எம் வெலம் என்று மெழுகுத்தாளை அனுப்பினார்கள்: ஆர்டர் போடும் முன் படியுங்கள்

கைவேலைச் சாமான்கள் விற்கும் ஒரு ஆன்லைன் விற்பனையாளரிடம் வெலம் பேப்பர் (பால்வெள்ளையாக, ஒளி ஊடுருவும் காகிதம்) வாங்கி நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. இதே வேலையை வேறு சிலரும் செய்வதாகக் கேள்விப்படுகிறேன். அதனால் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேண்டியிருந்தது, அழைப்பிதழ் அட்டைமேல் சுற்றும் மேலுறைக்கு ஒளி ஊடுருவும் வெலம். அட்டையில் உள்ள எழுத்து லேசாகத் தெரிய வேண்டும், உறைமேல் இரண்டு பெயர்கள் அச்சாக வேண்டும், அவ்வளவுதான். விளம்பரத்தில் "112 ஜிஎஸ்எம், அமிலமற்றது, எல்லா பிரிண்டருக்கும் ஏற்றது" என்று போட்டிருந்தார்கள். ஜிஎஸ்எம் என்பது தாளின் எடையைச் சொல்லும் அளவு, விளக்கம் கீழே. முதலில் சாம்பிள் கேட்டேன். வந்தது அருமையான தாள். விறைப்பாக, ஆட்டினால் கலகலவென்று சத்தத்துடன், இருபக்கமும் ஒரே மாதிரி வழவழப்பாக இருந்தது. அதை நம்பித்தான் பெரிய ஆர்டர் போட்டேன்.

கட்டாக வந்தது வேறு சரக்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதே பால்வெள்ளை, அதே மங்கல். கையில் எடுத்தால்தான் துவண்டு விழுவது தெரியும். நகத்தால் சுரண்டினால் நகக்கண்ணில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. இங்க்ஜெட்டில் ஒரு தாளை விட்டுப் பார்த்தேன். மை தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாகத் திரண்டு நின்றது. மறுநாள் விரலால் தொட்டபோதும் இழுவியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நல்ல வெலத்திலும் இங்க்ஜெட் மை சட்டென்று காயாது. இங்க்ஜெட்டுக்கென்றே பூச்சு பூசிய வெலம் தனியாக வருகிறது. பூச்சில்லாத வெலத்தை லேசர் பிரிண்டரில், மேனுவல் டிரேயில், ஒவ்வொரு தாளாகத்தான் விடவேண்டும். ஆக "எல்லா பிரிண்டருக்கும் ஏற்றது" என்று ஒருவர் எழுதியிருந்தாலே அவருக்குத் தன் சரக்கு தெரியவில்லை, அல்லது தெரிந்தே எழுதுகிறார்.

சரி, லேசரில் அடித்துவிடலாம் என்று வழக்கமாக அச்சடித்துத் தருபவரிடம் கொண்டுபோனேன். லேசர் பிரிண்டரில் ஃபியூசர் என்ற பாகம்தான் மைப்பொடியைச் சூட்டால் தாளில் ஒட்டவைப்பது. அவர் ஒரு தாளை எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, விரலால் தேய்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அக்கா, இதை நான் மெஷின்ல விடமாட்டேன். மெழுகு இருக்கு. ஃபியூசர் சூட்டுல உருகி ரோலர்ல ஒட்டுச்சுன்னா யாருக்கா பொறுப்பு?" பிறகு ஒரு தாளை இரண்டு சாதாரண வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து மிதமான சூட்டில் அயர்ன் பாக்ஸை அழுத்தச் சொன்னார். செய்தேன். வெள்ளைத் தாள்கள் இரண்டிலும் எண்ணெய் பட்ட மாதிரி கறை. சாம்பிள் தாளை அதே மாதிரி வைத்தபோது கறையே இல்லை, சூட்டில் கொஞ்சம் சுருண்டது, அவ்வளவுதான்.

காரணம் இதுதான். சாதாரணக் காகிதம் வெள்ளையாகத் தெரிவது நாருக்கு நடுவே காற்று இருப்பதால்; ஒளி அங்கே சிதறிப்போகிறது. நல்ல வெலத்துக்குக் கூழை மிக நீண்ட நேரம் அரைத்து, நார்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும்படி செய்கிறார்கள். குறுக்குவழி என்னவென்றால், மெல்லிய காகிதத்தை எடுத்து அந்த இடைவெளிகளில் மெழுகோ எண்ணெயோ பிசினோ ஏற்றிவிடுவது. அப்போதும் ஒளி ஊடுருவும். அப்படிச் செய்த தாள் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன், அதற்கும் பயன் உண்டு. ஆனால் அதைச் சொல்லி, அதற்குரிய விலையில் விற்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. மடித்தால் வெள்ளைக் கோடு விழுந்தால் அசல் வெலம் என்று பலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், மெழுகுத்தாளிலும் கோடு விழும். தாளை மெத்தென்ற கைவேலைப் பலகைமேல் வைத்து எம்பாசிங் குச்சியால் (புடைப்பு வேலைக்கான உருண்டை முனைக் குச்சி) அழுத்திப் பாருங்கள். தடித்த வெலம் மெதுவாக இழுபட்டு, அழுத்த அழுத்த வெண்மை கூடிக்கொண்டே போகும். எனக்கு வந்தது பொத்துக்கொண்டது.

இனி எடை. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், சமையலறைத் தராசு போதும். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான். ஆகவே 16 ஏ4 தாள்களை நிறுத்தால் தராசு காட்டும் கிராம்தான் ஜிஎஸ்எம். ஏ3 என்றால் 8 தாள். ஸ்கிராப்புக்குக்கு வாங்கும் 12 அங்குலச் சதுரம் என்றால் ஒரு தாளின் எடையை 10.76 ஆல் பெருக்குங்கள். ஒற்றைத் தாளைச் சமையலறைத் தராசு சரியாகக் காட்டாது. பத்துத் தாளை நிறுத்து வகுத்துக்கொள்ளுங்கள். ஆலையில் நாலைந்து சதவீதம் முன்னே பின்னே போவது வழக்கம், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். எனக்கு வந்த 16 தாள் 112 கிராம் இருக்கவேண்டும். தராசு 70ஐக்கூடத் தொடவில்லை.

தராசைப் படம் எடுத்து அனுப்பினேன். முதல் பதில்: "ஈரப்பதத்தால் எடை மாறும் மேடம்." மை காயாததற்கும் ஈரப்பதம்தானாம், தாள் துவள்வதற்கும் அதுதானாம். ஈரம் ஏறினால் எடை கூடத்தானே செய்யும் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஈரத்தைப் பார்த்தாலே சுருளும் குணம் அசல் வெலத்துக்குத்தான் உண்டு. ஒரு சிறு துண்டை உள்ளங்கையில் வைத்தால் கையின் ஈரத்துக்கே ஓரம் எழும்பும். இவர்கள் அனுப்பிய தாள் கையில் அசையாமல் கிடந்தது.

அடுத்த பதில்: "பாக்கெட் பிரித்தால் ரிட்டர்ன் இல்லை." பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது என்பதற்கு அவர்களிடம் விளக்கம் எதுவும் இல்லை. சாம்பிளும் சரக்கும் வேறு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீடியோ எடுத்து அனுப்பிய பிறகுதான் மாற்றித் தர ஒத்துக்கொண்டார்கள். மாற்றாக வந்தது ஒளியே புகாத தடித்த வெள்ளை அட்டை! லேபிளில் "வெலம் ஃபினிஷ்" என்று இருந்தது. அது அட்டையின் லேசான சொரசொரப்பைக் குறிப்பது, ஓவியம் வரைகிறவர்கள் பென்சிலுக்கு வாங்குவது. மேலுறைக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இது தெரியாமல் நடந்தது என்று நான் நினைக்கவில்லை. வாடிக்கையாளர் அலுத்துப்போய் விட்டுவிடுவார் என்ற கணக்கு.

அதே ஆர்டரில் உள் அட்டைக்காக "100 சதவீதம் காட்டன், ஆர்க்கைவல்" என்று, அதாவது முழுக்கப் பருத்தி நார், நெடுங்காலம் கெடாது என்று, ஒரு கட்டும் வாங்கியிருந்தேன். சந்தேகம் வந்துவிட்டதால் அதையும் பார்த்தேன். இருட்டில் யூவி டார்ச் அடித்ததும் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை வைத்துக் காட்டன் இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஆனால் அந்த வெண்மை நாள்பட மங்கும். அப்புறம் பிஎச் பேனா, தாளில் அமிலம் இருக்கிறதா என்று காட்டும் பேனா. அமிலமில்லாத தாளில் கோடு ஊதாவாக மாறும், அமிலம் இருந்தால் மஞ்சளாக நிற்கும். மஞ்சள்தான். வெலத்தில் இந்தப் பேனாவைப் போடுவதானால் அடியில் வெள்ளைத் தாள் வையுங்கள், இல்லாவிட்டால் நிறம் தெரியாது. மெழுகு, பூச்சு இருந்தால் முடிவை நம்பவும் முடியாது. புகைப்பட ஆல்பம் செய்கிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும், தாளின் அமிலம் படத்துக்கும் ஏறும். "ஆர்க்கைவல்" என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஐஎஸ்ஓ 9706 என்ற எண்ணைக் கேளுங்கள். நெடுங்காலம் நிற்கும் காகிதத்துக்கான தரநிலை அது, பிஎச் 7.5 முதல் 10 வரை இருக்கவேண்டும் என்பதும் அதில் அடக்கம். வட்டத்துக்குள் படுத்த எட்டு போல ஒரு குறி போட்டிருப்பார்கள்.

இப்போது நான் செய்வது: ஜிஎஸ்எம், பூச்சு உண்டா இல்லையா, எந்த பிரிண்டர், இந்த மூன்றையும் ஆர்டருக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுகிறேன், போனில் சொன்னால் ஏற்பதில்லை. சாம்பிள் தாளில் ஒன்றைத் தேதி எழுதி எடுத்துவைக்கிறேன். கட்டு வந்ததும் வெட்டுவதற்கு முன் கேமராவை ஓடவிட்டுப் பிரித்து, அதே வீடியோவில் 16 தாளை நிறுக்கிறேன். சந்தேகம் இருந்தால் ஒரு தாளில்கூடக் கத்தி வைப்பதில்லை.

பணத்தில் பிரிக்காத கட்டுகளுக்கு மட்டும் திரும்ப வந்தது. மிச்சத்துக்குப் பணம் செலுத்திய தளத்தில் போட்ட புகார் நிலுவையில் இருக்கிறது. நேற்று அந்த விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். 112 என்ற எண்ணை எடுத்துவிட்டு "பிரீமியம் தடிமன்" என்று மாற்றியிருக்கிறார்கள். சாம்பிள் மட்டும் இன்னும் இலவசமாம்.