ஆம்பூரில் தைத்த முயல் காது

நான்கு வாரம் ஊரில் இருந்தேன். பட்டா பெயர் மாற்றம், வங்கி வேலை, அம்மாவின் கண் பரிசோதனை எல்லாம் சொன்ன நாளில் முடிந்தது. அதில் எழுத ஒன்றுமில்லை. ஒரு தோல் பைதான் மூன்று நாள் என்னை அலைக்கழித்தது.

போன வருஷம் டொராண்டோவில் .308 அளவு குண்டு போடும் டார்கெட் ரைஃபிள் ஒன்று வாங்கினேன், எஃப்-கிளாஸ் போட்டிக்கு. படுத்துக்கொண்டு, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, ஸ்கோப் வழியாகச் சுடுவது. கண்ணும் கையும் தளர்ந்தவர்களும் ஆடட்டும் என்று ஃபார்க்கி ஃபார்குவர்சன் என்ற கனடாக்காரர் தொடங்கிவைத்தது. அந்த ‘எஃப்’ அவர் பெயர்தான். எனக்கு வயது 54. பொருத்தமான விளையாட்டு.

கையிலிருந்த பணத்தில் பெரும்பங்கை ஸ்கோப் தின்றுவிட்டது. 1000 கஜத்தில் நடு வட்டம் 5 அங்குலம். குறியைச் சரிசெய்யும் திருகு ஒரு ‘க்ளிக்’குக்கு கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) நகர்ந்தால் அங்கே குண்டு இரண்டரை அங்குலத்துக்கு மேல் தள்ளிப்போகும், அரைக்கால் என்றால் 1.3 அங்குலம். அதனால் அரைக்கால்தான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கினேன். 50 மடங்கு பெரிதாக்கும் என்று பீற்றிக்கொண்டதெல்லாம் வீண். வெயில் ஏறினால் கானல் கொதித்து டார்கெட் கஞ்சி மாதிரி ஆகிவிடும். 30-க்கு மேல் திருப்புவதே அபூர்வம்.

நான் ஆடும் பிரிவில் ரைஃபிள், ஸ்கோப், முன்னால் மாட்டும் பைபாட் என்ற இரட்டைக் கால் தாங்கி எல்லாம் சேர்த்து 8.25 கிலோ தாண்டக்கூடாது. ஆனால் தோளில் பதியும் பின்கட்டைக்கு அடியில் வைக்கும் மணல் பை அந்தக் கணக்கில் வராது. எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது. மேலே இரண்டு காது, நடுவே கட்டை உட்காரும் பள்ளம். கனடாவில் நல்ல பை 180 டாலர், வந்துசேர ஆறு வாரம். தோலுக்குப் பேர்போன ஊரில் பிறந்துவிட்டு இதற்கு டாலர் கொடுப்பதா?

பஜாரில் பெல்ட், பை தைக்கும் கடை. போனில் படத்தைக் காட்டினேன். பாய் உற்றுப் பார்த்துவிட்டு, “என்ன சார் இது, முயலா?” என்றார். துப்பாக்கி என்றதும் கை நின்றுவிட்டது. விளையாட்டு, கனடா, லைசென்ஸ் என்று முழுக் கதையும் சொன்ன பிறகுதான் குத்தூசியைக் கையில் எடுத்தார்.

“நாளைக்கு வாங்க.” போனேன். “நாளைக்கு.” எனக்குக் கனடா ரத்தம் கொதித்தது. அங்கே தாமதமானால் முன்கூட்டியே ஒரு மின்னஞ்சலாவது வரும். இங்கே ஒரு டீ வந்தது.

மூன்றாம் நாள் தெரிந்தது, மனுஷன் சும்மா இருக்கவில்லை என்று. நான் ஜிப் கேட்டிருந்தேன். “மணலுக்கு ஜிப் தாங்காது சார், பல்லுல போய் உக்காந்துக்கும்” என்று மடிப்பு வைத்து, தோல் வாரால் கட்டும்படி செய்திருந்தார். தையல் வழியாக மணல் கசியாமலிருக்க உள்ளே பழைய வேட்டித் துணியில் இன்னொரு பை. காதுக்கு மட்டும் வழவழப்பான பக்கம் வெளியே. கட்டை வழுக்கி வரவேண்டும் என்று நான் சொன்னதை வைத்து அவராகவே யோசித்தது.

நிரப்பிப் பார்க்க மணல்? பாலாற்றங்கரை ஊரில் மணலுக்கு அலைந்தேன் என்றால் சிரிப்பீர்கள். கடைசியில் வீடு கட்டும் இடத்தில் ஒரு வாளி எம்-சாண்ட் கெஞ்சி வாங்கினோம். பாய் காதுகளை முதலில் நிரப்பி, கரண்டிக் காம்பால் இடித்து இடித்துக் கல்லாக்கினார். ரைஃபிள் இல்லாததால் பக்கத்துக் கடை கிரிக்கெட் மட்டையை வைத்துப் பார்த்தோம். முன்னும் பின்னும் இழுத்தால் பட்டு மாதிரி போனது, பக்கவாட்டில் அசையவில்லை.

கூலி 450. 500 நோட்டை நீட்டினேன். “ஜிபே இல்லையா?” இல்லை. சில்லறை அவரிடமும் இல்லை, பக்கத்துக் கடையிலும் இல்லை, டீக்கடையிலும் இல்லை. ஒரு ஊரே போனுக்குள் போய்விட்டது, என்னை மட்டும் வெளியே விட்டுவிட்டு. இருக்கட்டும் என்றாலும் விடவில்லை. என் இடுப்பைப் பார்த்தார். “பெல்ட்ட கழட்டுங்க சார், தொளதொளன்னு இருக்கு.” இரண்டு துளை போட்டுக் கொடுத்தார்.

மணலை அங்கேயே கொட்டிவிட்டு வெறும் பையைத்தான் கொண்டுவந்தேன். மண்ணை எல்லாம் கனடாவுக்குள் விடமாட்டார்கள். இங்கே வந்து, குழந்தைகள் விளையாடும் மணல் ஒரு மூட்டை வாங்கி, காதை முதலில் இடித்து நிரப்பினேன். கரண்டிக் காம்பு வளைந்துவிட்டது. வீட்டில் இன்னும் கேட்கவில்லை.