எம்எம்ஏ வீரர் எதிர் ஹெவிவெயிட் பாக்ஸர்: காசு கொடுத்துப் பார்க்கத் தகுந்த சண்டை எது?

குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டையின் வீரரும் ஹெவிவெயிட் பாக்ஸரும் மோதினால் யார் கை ஓங்கும்? இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான் இந்த வகைச் சண்டைகளை பே-பெர்-வியூவில், அதாவது ஒவ்வொரு சண்டைக்கும் தனியாகக் காசு வாங்கும் ஒளிபரப்பில், விற்கிறார்கள். வாங்குபவருக்கு அதற்கான பதில் கிடைக்கிறதா என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். மற்ற எந்தச் சரக்கையும் போல இதையும் எடை போடலாம். எவ்வளவு நேரம் கிடைக்கிறது, அந்த நேரத்தில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது, சொன்னபடி சரக்கு வந்து சேர்கிறதா?

முதலில் அளவு. 2023 அக்டோபர் 28 அன்று ரியாத்தில் நடந்த டைசன் ஃபியூரி – ஃபிரான்சிஸ் எங்கானு சண்டை முழுப் பத்து ரவுண்ட், அதாவது 30 நிமிடம். 2024 மார்ச் 8, அதே ரியாத், முன்னாள் உலக ஹெவிவெயிட் பாக்ஸிங் சாம்பியன் அந்தோனி ஜோஷுவா – எங்கானு: 5 நிமிடம் 38 விநாடி. 2010 ஆகஸ்ட் 28, பாஸ்டனில் யுஎஃப்சி 118 (யுஎஃப்சி என்பது எம்எம்ஏவின் பெரிய அமைப்பு), ராண்டி கோட்யூர் – ஜேம்ஸ் டோனி: 3 நிமிடம் 19 விநாடி. 2009 ஜூனில் டிம் சில்வியா – ரே மெர்சர்: பத்து விநாடிக்குள் முடிந்தது. 1976இல் டோக்கியோவில் நடந்த முகமது அலி – அன்டோனியோ இனோகி சண்டை 15 ரவுண்ட் ஓடியது. ஆனால் அவ்வளவு நேரத்திலும் குத்து மிகக் குறைவாகவே விழுந்தது. நிமிடத்தை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பாகிவிடும்.

இதில் முழுசாகப் பார்க்க வேண்டியது ஃபியூரி – எங்கானு. ஒருபக்கம் தோல்வியே காணாத ஃபியூரி, டபிள்யூபிசி என்ற பாக்ஸிங் அமைப்பின் சாம்பியன். மறுபக்கம் எங்கானு, முன்னாள் யுஎஃப்சி ஹெவிவெயிட் சாம்பியன், ஆனால் தொழில்முறை பாக்ஸிங்கில் அதுதான் முதல் நாள். பட்டம் பணயம் வைக்கப்படவில்லை. மூன்றாவது ரவுண்டில் ஃபியூரி உள்ளே வந்தபோது எங்கானுவின் இடது ஹூக், அதாவது கையை வளைத்துப் பக்கவாட்டில் வீசும் குத்து, தலையில் இறங்கியது. ஃபியூரி கீழே விழுந்தார். முடிவில் இரண்டு நடுவர்கள் 96-93, 95-94 என ஃபியூரிக்கும், ஒருவர் 95-94 என எங்கானுவுக்கும் கொடுத்தார்கள்.

இந்தப் புள்ளிகளைப் பிரித்துப் பார்த்தால்தான் சண்டை எவ்வளவு நெருக்கம் என்பது தெரியும். பாக்ஸிங்கில் ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருமுறை விழுந்து ரவுண்டையும் இழந்தால் 8. மூன்றாவது ரவுண்ட் எங்கானுவுக்கு 10-8. மீதி ஒன்பது ரவுண்டில் சமநிலை ஏதும் இல்லையென்றால், 96-93 என்பது ஃபியூரிக்கு ஏழு ரவுண்ட், 95-94 என்பது ஆறு ரவுண்ட். எங்கானுவுக்குக் கொடுத்த நடுவர் ஃபியூரிக்கு ஐந்து மட்டுமே கொடுத்திருக்கிறார். அதாவது 95-94 என ஃபியூரிக்குக் கொடுத்தவர் இன்னும் ஒரே ஒரு ரவுண்டை மாற்றிப் போட்டிருந்தால், பாக்ஸிங்கில் முதல் சண்டை போட்டவர் சாம்பியனைத் தோற்கடித்தார் என்று வரலாறு எழுதப்பட்டிருக்கும்.

இது அதிர்ஷ்டக் குத்து அல்ல. எங்கானு என்ன செய்தார் என்பதைவிட என்ன செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். பாய்ந்து போகவில்லை. வலுவான குத்துக்காரர் பாக்ஸிங்குக்கு வந்தால் முதல் இரண்டு ரவுண்டில் எல்லாவற்றையும் வீசிவிட்டு மூச்சு வாங்குவார் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். அவரோ கையைச் சேர்த்து வைத்துக்கொண்டு எதிராளி முதலில் நகரட்டும் என்று காத்திருந்தார். 2021இல் ஸ்டீபே மியோசிச்சை நாக்அவுட் செய்து யுஎஃப்சி பட்டத்தை எடுத்ததும் இதே பாணியில்தான்: எதிராளி குத்திக்கொண்டு உள்ளே வரும்போது திருப்பி வீசும் இடது ஹூக். விதிகள் மாறினாலும் அந்த ஒரு ஆயுதம் மாறவில்லை.

இரண்டாவது விஷயம் கிளிஞ்ச். உயரமான ஹெவிவெயிட் பாக்ஸர் எதிராளியின் கழுத்தில் கையைப் போட்டு, தன் உடம்பின் பாரத்தை அவர்மேல் சாய்ப்பார். நாலைந்து ரவுண்ட் அப்படிச் சுமந்தால் எதிராளியின் காலும் தோளும் செத்துவிடும். ஃபியூரிக்கு இது கைவந்த கலை. மல்யுத்தப் பிடிகளிலேயே வருடக்கணக்காகப் பழகிய ஒருவரிடம் அது எடுபடவில்லை. எங்கானு இடுப்பைத் தாழ்த்தி, தலையை எதிராளியின் நெஞ்சுக்குள் கொடுத்து, நிமிர்ந்தே நின்றார். எம்எம்ஏ பயிற்சி ஹெவிவெயிட் பாக்ஸிங்கில் நேரடியாகப் பலன் தரும் இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

குறை எங்கே? ஜாப், அதாவது முன்கையால் நேராக நீட்டும் குத்து, போதவில்லை. நடு ரவுண்டுகளில் எங்கானு கையே நீட்டாமல் இருந்த நேரம் அதிகம். யாரும் தெளிவாக அடிக்காத ரவுண்டில், சும்மாவாவது ஜாப்பை நீட்டிக்கொண்டு முன்னால் நடப்பவருக்குத்தான் நடுவர் கை சாயும். ஆறு ரவுண்டுக்கும் ஐந்து ரவுண்டுக்கும் இடையிலான அந்த வித்தியாசம் அங்கேதான் போனது. இன்னொன்று, விழுந்தவரைப் பின்தொடர முடியாதது. எம்எம்ஏவில் எதிராளி விழுந்த கணமே மேலே ஏறி அடிப்பது எங்கானுவின் வேலை முடிக்கும் முறை. பாக்ஸிங்கில் அவர் மூலைக்குப் போய் நிற்க வேண்டும். எண்ணிக்கை நடக்கும், விழுந்தவர் எழுந்து நிதானப்படுவார், பிறகு பிடித்துக்கொள்வார். எம்எம்ஏ வீரருக்குப் பாக்ஸிங் விதிகளில் இழப்பு என்றால் காலால் உதைக்க முடியாததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இந்தப் பத்து எண்ணிக்கையும் அதற்குக் குறைந்த இழப்பு அல்ல.

இந்தச் சண்டையை மட்டும் வாங்கிப் பார்த்து நிறுத்திக்கொண்டால் தவறான பாடம் மனதில் தங்கிவிடும். அதனால் ஜோஷுவா சண்டையை இதனுடன் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தனியாக வாங்கினால் ஐந்தரை நிமிடச் சரக்கு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இந்தத் துறையில் இதைவிட நல்ல பாடம் கிடையாது.

எடையில் எங்கானு 272.6 பவுண்டு, ஜோஷுவா 252.4. இருபது பவுண்டு கூடுதலாக இருந்தும் எங்கானுவுக்கு அது எதற்கும் உதவவில்லை. ஜோஷுவா எதிரே நிற்பவரை ஒரு காட்சிப்பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆபத்தான பாக்ஸராகவே எடுத்துக்கொண்டார். ஜாப்பைப் போடுவதுபோல் பாவனை காட்டி எங்கானுவின் முன்கை எப்படி அசைகிறது என்று பார்த்துக்கொண்டார். எங்கானு நிலையை மாற்றி இடதுகைக்காரராக, சவுத்பாவாக நின்றார். அப்படி நிற்கும்போது வலதுகை பாக்ஸரின் நேர் வலதுக்கு வழி தானாகத் திறக்கும். இரண்டு பேரின் முன்கால்களும் எதிரெதிரே வந்துவிடுவதால், எவருடைய கால் வெளிப்பக்கம் இருக்கிறதோ அவருடைய பின்கை நடுக்கோட்டில் போய் இறங்கும். முதல் ரவுண்டிலேயே அந்த வலது இறங்கி எங்கானு விழுந்தார். இரண்டாவது ரவுண்டில் இன்னும் இரண்டு முறை, இரண்டும் வலதுதான். அந்த ரவுண்டின் 2 நிமிடம் 38 விநாடியில் முடிந்தது. எம்எம்ஏவில் ஒருமுறைகூட நாக்அவுட் ஆகாதவர் அவர். இந்த இடத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தாடையின் உறுதியைப் பற்றிய சண்டை அல்ல இது. வரப்போவதைக் கண்ணால் பார்க்கும் குத்தும், பார்க்காமல் வாங்கும் குத்தும் வேறு வேறு.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு நின்று பார்க்க வேண்டியவை மூன்று. கையுறை முதலில். எம்எம்ஏ கையுறை 4 அவுன்ஸ், சுமார் 113 கிராம். ஹெவிவெயிட் பாக்ஸிங்கில் 10 அவுன்ஸ், சுமார் 283 கிராம். பெரிய கையுறை என்றால் அடி மெத்தென்று விழும் என்று நினைப்பது பாதி உண்மைதான். பெரிய கையுறை கேடயமாகவும் ஆகிறது. இரண்டு கையையும் கன்னத்தோடு ஒட்டி வைத்தால் பாக்ஸருக்கு முகத்தில் பாதி மறைந்துவிடும். சின்னக் கையுறையில் அப்படி வைத்தால் இடைவெளி வழியே குத்து நுழைந்துவிடும். அதனால் எம்எம்ஏ வீரர் கையை முன்னால் நீட்டி, எதிராளியின் கையைத் தட்டிவிட்டே பழகுகிறார். பாக்ஸிங்குக்கு வந்தபின் அதே நீட்டிய கை பாக்ஸருக்குத் தூரத்தை அளந்து காட்டும் கோலாகிவிடுகிறது.

அடுத்தது நிற்கும் நிலை. உதையைத் தடுக்கவும், டேக்டவுனுக்கு (பிடித்துத் தரையில் வீழ்த்தும் முயற்சிக்கு) இடுப்பைப் பின்னால் எறியவும் எம்எம்ஏ வீரர் நெஞ்சை எதிராளிக்கு நேராகக் காட்டி, காலை அகலமாக வைத்து நிற்பார். பாக்ஸர் பக்கவாட்டில் திரும்பி ஒடுங்கி நிற்பார். அகல நிலையில் இருந்து பின்னங்காலைத் தள்ளி ஜாப் போட ஒரு அசைவு கூடுதலாகத் தேவைப்படுகிறது. அந்த ஒரு அசைவைத்தான் நல்ல பாக்ஸர் படித்துவிடுகிறார்.

மூன்றாவது தலை. எம்எம்ஏவில் குனிந்தால் முழங்கால் வந்து முகத்தில் மோதும். அதனால் பின்னால் நேராகச் சாய்வது பழக்கமாகிவிடுகிறது. பாக்ஸிங்கில் நேராகப் பின்வாங்கினால் முதல் குத்து தப்பும், இரண்டாவது பிடித்துவிடும். பாக்ஸர் இரண்டாவதுக்காகவே முதலாவதைப் போடுகிறார். இந்த மூன்றையும் சில மாத முகாமில் மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், மாறும், களைத்தபின் பழையது திரும்பி வரும்.

மூச்சுக்கணக்கும் வேறு. எம்எம்ஏ பட்டச் சண்டை ஐந்து ஐந்து நிமிடமாக 25 நிமிடம், நடுவில் நான்கே ஓய்வு. பாக்ஸிங் பட்டச் சண்டை பன்னிரண்டு மூன்று நிமிடமாக 36 நிமிடம், பதினோரு ஓய்வு. ஓய்வு அதிகம் என்பதால் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. எம்எம்ஏவில் பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கும் நேரம் தோளுக்கு ஓய்வு. பாக்ஸிங்கில் கை முழு நேரமும் உயர்ந்தே இருக்க வேண்டும்.

மறுபக்கம், பாக்ஸர் எம்எம்ஏ கூண்டுக்குள் போன சண்டைகள். கோட்யூர் – டோனி பதிவை முதல் ஒரு நிமிடத்துக்காக மட்டும் பார்க்கலாம். முன்னாள் யுஎஃப்சி சாம்பியன் கோட்யூருக்கு 47 வயது, பாக்ஸர் டோனிக்கு 42. மூன்று எடைப்பிரிவுகளில் பட்டம் வென்ற டோனியின் முன்காலில் பாரம் இருந்தது, பாக்ஸருக்கு இருக்க வேண்டிய இடத்திலேயே. கோட்யூர் குத்துத் தூரத்துக்குள் வராமல், கீழே பாய்ந்து அந்தக் கணுக்காலைப் பிடித்து இழுத்தார். அவ்வளவுதான். தரையில் விழுந்தபின் டோனியின் பாக்ஸிங்குக்கு வேலையே இல்லை. கழுத்தையும் கையையும் சேர்த்து நெரித்த பிடியில் சரணடைந்தார். டேக்டவுனைத் தடுக்கத் தெரியாத பாக்ஸருக்குக் கையில் எவ்வளவு திறமை இருந்தாலும் இந்தக் கதிதான்.

மெர்சர் – சில்வியா இதற்கு நேர் எதிர். 1988 ஒலிம்பிக் தங்கமும் டபிள்யூபிஓ என்ற இன்னொரு பாக்ஸிங் அமைப்பின் ஹெவிவெயிட் பட்டமும் முன்பு வைத்திருந்த மெர்சருக்கு அப்போது 48 வயது. சில்வியா முன்னாள் யுஎஃப்சி சாம்பியன். காலில் ஒரு உதை போட்டுவிட்டுக் குத்துத் தூரத்திலேயே நின்றார். மேலிருந்து மெர்சரின் வலது வந்தது, சண்டை முடிந்தது. நான்கு அவுன்ஸ் கையுறைக்குள் ஹெவிவெயிட் பாக்ஸரின் கை என்றால் என்ன என்பதற்கு இதுவே போதும். பணம் கொடுத்து வாங்கும் அளவுக்கு இதில் சரக்கு இல்லை, ஒருமுறை பார்த்தால் மறக்கவும் மறக்காது.

அலி – இனோகி பொறுமைசாலிகளுக்கு. ஜப்பானிய மல்யுத்த வீரரான இனோகி பெரும்பாலும் மல்லாந்து கிடந்து அலியின் காலில் உதைத்துக்கொண்டே இருந்தார், சமநிலையில் முடிந்தது. அலியின் காலில் ரத்தம் கட்டி மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. கால் உதைக்குப் பழகாத பாக்ஸரின் முன்கால் என்ன பாடுபடும் என்பதை இன்றைய எம்எம்ஏ நிரூபிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த இரவு காட்டிவிட்டது. இரண்டு ரவுண்ட் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

வாங்கவே வேண்டாம் என்று சொல்லக்கூடியது 2021 செப்டம்பரில் நடந்த எம்எம்ஏ வீரர் விட்டர் பெல்ஃபோர்ட் – முன்னாள் பாக்ஸிங் சாம்பியன் இவாண்டர் ஹோலிஃபீல்ட் சண்டை. கடைசி நேரத்தில் மாற்றாக இறக்கப்பட்ட ஹோலிஃபீல்டுக்கு 58 வயது. முதல் ரவுண்டிலேயே நிறுத்தினார்கள். அதில் எம்எம்ஏவைப் பற்றியும் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை, பாக்ஸிங்கைப் பற்றியும் ஒன்றுமில்லை. அவ்வளவு பெரிய வீரரை அந்த வயதில் ரிங்குக்குள் அனுப்பியிருக்கவே கூடாது.

ஒளிபரப்பில் ஒரு குறை பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொது. மறுகாட்சியில் கையுறை முகத்தில் படும் கணத்தை நெருக்கமாகக் காட்டுவார்கள், இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவார்கள். மேலே சொன்ன காரணங்களில் பாதி காலில்தான் இருக்கிறது. அதனால் மறுகாட்சியை விட்டுவிட்டு, தூரத்துக் கேமராவில் வரும் நேரடிக் காட்சியை நான்கில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டுங்கள். முதல் முறை ஜோஷுவாவின் இடது கால் மட்டும். இரண்டாவது முறை எங்கானுவின் முன்கால் எந்தப் பக்கம் வைக்கப்படுகிறது என்று மட்டும். அதன்பின் ஃபியூரி சண்டையின் மூன்றாவது ரவுண்டுக்குத் திரும்பிப் போய், அந்த இடது ஹூக்குக்கு முன்னால் ஃபியூரியின் கால் எங்கே நின்றது என்று பாருங்கள்.