கட்டளைக்கு ஏறும், தானாக ஏறாது: எஸ்எஸ்எச்எஃப்எஸ்ஸுடன் மூன்று ஆண்டுகள்

வீட்டு அலமாரியில் ஒரு பழைய கணினி சர்வராக இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. குடும்பப் புகைப்படங்கள், வரவு செலவுக் கணக்குகள் எல்லாம் அதில்தான். அதன் கோப்புறையை எஸ்எஸ்எச்எஃப்எஸ் (எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியே வேறொரு கணினியின் கோப்புறையைக் காட்டும் மென்பொருள்) வழியாக என் மடிக்கணினியில் மவுன்ட் செய்து, அதாவது உள்ளூர்க் கோப்புறைபோல ஏற்றி, மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். டெர்மினலில் கட்டளை கொடுத்தால் முதல் நாளிலிருந்தே ஒழுங்காக வேலை செய்தது. எதையெல்லாம் மவுன்ட் செய்ய வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி எழுதி, பூட் ஆகும்போதே தானாக ஏறட்டும் என்று ஆசைப்பட்டதில்தான் வினை பிடித்தது.

ஒவ்வொரு முறையும் ‘கனெக்‌ஷன் ரீசெட் பை பியர்’ (மறுமுனை இணைப்பைத் துண்டித்தது) என்ற செய்தி. இவ்வளவு குறைவாகச் சொல்லும் பிழைச் செய்தியை நான் பார்த்ததில்லை. வைஃபை வருவதற்குள் முந்திக்கொள்கிறது போலும் என்று நினைத்து அந்தப் பக்கமே துழாவினேன். இரண்டு வார இறுதிகள் வீண். கடைசியில் அதே கட்டளையை நிர்வாகி உரிமை தரும் சூடோ சேர்த்து இயக்கியபோது குட்டு வெளிப்பட்டது. ‘இந்தச் சர்வரை நம்பலாமா?’ என்று எஸ்எஸ்எச் கேட்டு நின்றது. நான் எப்போதோ பதில் சொல்லிவிட்ட கேள்வி. ஆனால் எஃப்எஸ்டேப் வரியை இயக்குவது நான் அல்ல, ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு. நம்பிய சர்வர்களைப் பட்டியலிடும் ரூட்டின் நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தச் சர்வர் இல்லை; பூட் நேரத்தில் ‘யெஸ்’ என்று தட்ட ஆளும் இல்லை.

அடுத்தது சாவி, அதாவது சர்வரில் நுழைய என்னை அடையாளம் காட்டும் கோப்பு. கடவுச்சொல் போட்டுத் திறந்த என் சாவியை ஏஜென்ட் என்ற பின்னணி நிரல் நினைவில் வைத்திருக்கும். ரூட்டுக்கு அந்த வசதி கிடையாது. கடவுச்சொல் இல்லாத தனிச் சாவி ஒன்றை உருவாக்கி, ஐடென்டிட்டி ஃபைல் என்ற விருப்பத்தில் அதன் முழுப் பாதையைக் கொடுத்தேன். சர்வரில் அந்தச் சாவிக்கு கோப்புகளைப் பரிமாறும் எஸ்எஃப்டிபி தவிர வேறெதற்கும் அனுமதி வைக்கவில்லை. மவுன்ட் ஆயிற்று, திறந்தால் ‘பெர்மிஷன் டினைட்’ (அனுமதி இல்லை)! எஸ்எஸ்எச்எஃப்எஸ்ஸுக்கு அடித்தளமான ஃப்யூஸில், மவுன்ட் செய்தவரைத் தவிர மற்றவர் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. சாதாரணப் பயனர் மவுன்ட் செய்ததை ரூட்டே திறக்க முடியாது என்றால் பாருங்கள். மற்றவரையும் அனுமதிக்கும் அலவ் அதர் விருப்பத்தைச் சேர்த்ததும் வழி விட்டது.

இப்போது பூட் நேரத்தில் ஏற்றுவதையே விட்டுவிட்டேன். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஆட்டோமவுன்ட் விருப்பம், கோப்புறையைத் தொடும்போது மட்டும் ஏற்றுகிறது. அறுந்தால் மீண்டும் இணைக்கும் ரீகனெக்ட்டுடன், சர்வர் பதில் தருகிறதா என்று சோதிக்கும் இடைவெளியான சர்வர் அலைவ் இன்டர்வலை 15 விநாடியாக வைத்த பிறகு, மடிக்கணினி தூங்கி எழுந்தால் உறைந்து நிற்பதும் குறைந்தது. எப்போதாவது ‘டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயின்ட்’ (இணைப்பு அறுந்துவிட்டது) என்று முரண்டு பிடித்தால், ஃப்யூசர்மவுன்ட் கட்டளையால் கழற்றிவிட்டு மீண்டும் தொடுவேன்.

வீட்டுச் சர்வர் எட்டாத வெளியூரில் தவறிப்போய் அந்தக் கோப்புறையைக் கிளிக் செய்தால் கோப்பு மேலாளர் விழி பிதுங்கி நிற்கிறது. இணைப்புக்காகக் காத்திருக்கும் நேரமான கனெக்ட் டைம்அவுட்டை 5 விநாடியாகக் குறைத்தது ஓரளவு ஆறுதல். ஆயிரக்கணக்கான படங்களின் சிறுபடங்களைக் காட்டச் சொன்னால் மாட்டுவண்டி வேகம்தான். அதனால் புகைப்படங்களுக்கு மட்டும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியில் பிரதி எடுத்துக்கொள்கிறேன்.