தட்டுக்கு ஸ்டோன்வேர், குழம்புக்குக் கோத்தர் சட்டி

கோத்தகிரியில் நாங்கள் நடத்தும் சிறிய விடுதிக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் செய்ய இரண்டு வழி இருந்தது. ஒன்று, நீலகிரிப் பழங்குடியான கோத்தர் பெண்கள் வனையும் மண்பாண்டம். இன்னொன்று, சமவெளிக் குயவர் வனைய, வேறொருவர் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு பூசிச் சுடும் ஸ்டோன்வேர். இரண்டையும் ஒரு வருஷம் புழங்கிவிட்டோம்.

நீலகிரியில் கோத்தர் ஊர்கள் ஏழு. படுகருக்கும் தோடருக்கும் பானை, இரும்புக் கருவி, வாத்திய இசை எல்லாம் கொடுத்தவர்கள். கொல்லு வேலை ஆண்களுக்கு, மண் வேலை பெண்களுக்கு. இன்று வனைபவர்கள் சிலரே.

அவர்களில் ஒரு பெரியம்மாவிடம் பத்து அங்குலத் தட்டு ஒன்றை வரைந்து நீட்டினேன். அது என் தவறு. களிமண் காய்ந்து சுட்டு வருவதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அகலமான தட்டில் ஓரம் முதலில் காய்ந்து மேலே தூக்கிக்கொள்ளும். வந்ததில் பாதி மேசையில் ஆடியது. "சட்டி கேளும்மா, தட்டு எங்க கைக்கு வராது" என்றார். பிறகு ஒரு சட்டியின் கழுத்தைத் திருப்பிக் காட்டினார். உள்ளே கட்டைவிரல் ஓடிய தடம், வெளியே ஈரத்துணி வழித்த வழவழப்பு. அந்த விளிம்பை நான் வரைந்திருக்க முடியாது.

இந்தக் குளிரில் அவரைக் குழம்பு கடைசிப் பந்திவரை சூடாக இருப்பது அந்தச் சட்டியில்தான். ஆனால் விறகுச் சூட்டில் வெந்த மண்ணில் நுண்துளை மூடாது. ஈரத்தோடு கவிழ்த்தால், இந்த மூடுபனியில் பூசணம் பிடித்துவிடும். அடுப்போரம் காய வைக்க வேண்டும்.

ஸ்டோன்வேர் 1200 டிகிரிக்கு மேல் சுடுவதால் மண் இறுகிவிடும். ரசம், ஊறுகாய், சோப்பு எதற்கும் அசையாது, அடுக்கவும் வசதி. 1971-இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறைக்கு இதைத் தெற்கே பரப்பியதில் பெரும் பங்கு உண்டு. ஒரு குறை: குயவர் வேலை சக்கரத்தோடு முடிகிறது. நிறமும் சூளையும் வேறொருவர் முடிவு. குறைந்த சூட்டில் பளபளப்பு ஏற்றிய மலிவுப் பாத்திரம் கிடைத்தால், கிளேஸில் ஈயம் உண்டா என்று கேளுங்கள். புளி அதைக் கரைத்துவிடும்.

அப்புறம், கோத்தர் சட்டிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆர்டர் வேண்டாம். மழையில் மண் காயாது. விரிசல் விட்டதற்கும் கூலி கொடுங்கள்.

இந்த முறை வரைபடம் கொண்டுபோகவில்லை. எங்கள் குழம்புக் கரண்டியைக் கொண்டுபோனேன். பெரியம்மா அதை முழங்கையோடு வைத்து அளந்துவிட்டு, "எத்தனை பேருக்கு?" என்று மட்டும் கேட்டார்.