டில்மிகோசினா, ஆக்சிடெட்ராசைக்ளினா?

அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் கன்றுக்கு நிமோனியா என்றால் அடிக்கடி அடிபடும் இரண்டு ஆன்டிபயாடிக் ஊசிகள் இவை. இரண்டுக்குமே அங்கே மருத்துவர் சீட்டு வேண்டும்.

அளவு: 300 கிலோ கன்றுக்கு டில்மிகோசின் 10 மில்லி போதும், தோலுக்கடியில் ஒரே குத்து. நீடித்து வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின் 30 மில்லி, மூன்று இடங்களில் பிரித்துப் போட வேண்டும். இதுவரை முதலாவதே சௌகரியம்.

போடுபவருக்கு ஆபத்து: கன்று உதறி, டில்மிகோசின் ஊசி கையில் ஏறிவிட்டால் அது இதயத்தைத் தாக்கும். மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். முறிமருந்து கிடையாது, அட்ரினலின் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். துணியில் சுற்றிய ஐஸைக் குத்திய இடத்தில் வைத்துக்கொண்டு, மருந்தின் லேபிளோடு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தானியங்கி சிரிஞ்ச் கூடவே கூடாது. நிரப்பிய சிரிஞ்சைச் சட்டைப்பையில் செருகுவது வீரமல்ல, மடமை. ஆக்சிடெட்ராசைக்ளினில் பொதுவாக வலி, வீக்கம், சிலருக்கு ஒவ்வாமை.

ஆடு: டில்மிகோசின் ஊசி வெள்ளாட்டைக் கொல்லக்கூடும்.

இறைச்சிக்குக் காத்திருப்பு (கடைசி ஊசிக்குப் பின் அறுக்கும் வரை): டில்மிகோசினுக்கு 42 நாள்; ஆக்சிடெட்ராசைக்ளினுக்கு 28.

கன்றை அசையவிடாத நெருக்குக் கூண்டும் பழகிய கையும் உள்ள பெரிய பண்ணைக்கு டில்மிகோசின். தனியாளாக மாட்டைப் பிடித்து ஊசி போடுபவருக்கு ஆக்சிடெட்ராசைக்ளின்தான்.